போர் வந்தால் அங்கேயும் வாய்ப்பூட்டுதான்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் அமெரிக்கக் கட்டுரையில், 'எத்தனை பெரிய நெருக்கடியிலும் குடிமக்களின் வாயைக் கட்டாத நாடு' என்று ஒரு வரி வந்திருக்கிறது. கட்டுரையாளர் உழைத்துத்தான் எழுதியிருக்கிறார். ஆனாலும் அந்த வரியோடு இதழை மூடி வைத்துவிட்டேன். தங்களுக்குத் தெரியாத வரலாறு இல்லை. தெரிந்தும் அதை அப்படியே அச்சுக்கு அனுப்பிவிட்டீர்களே என்பதுதான் என் மனத்தாங்கல்.

பேச்சுரிமைக்கு உத்தரவாதம் தரும், அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் 1791இல் வந்தது. முழுதாக ஏழு வருடம்கூட ஆகவில்லை. பிரான்சோடு போர் மூளப்போகிறது என்ற பயத்தில் 1798இல் அதிபர் ஜான் ஆடம்ஸின் அரசு ராஜதுரோகச் சட்டம் போட்டது. ஆட்சியைக் கண்டித்து எழுதிய பத்திரிகை ஆசிரியர்கள் ஜெயிலுக்குப் போனார்கள். தங்கள் தொழிலைச் சேர்ந்தவர்கள்தான் ஐயா அவர்கள்.

அப்புறம் சோஷலிஸ்ட் தலைவர் யூஜீன் டெப்ஸ். முதல் உலகப் போர் நடந்த நேரம். 1918 ஜூனில் ஒஹாயோ மாநிலம் கேன்டன் ஊரில் ஒரு கூட்டத்தில் பேசினார். கலவரம் செய்யச் சொல்லவில்லை, குண்டு வைக்கச் சொல்லவில்லை. போரை அறிவிப்பது எஜமானர்கள், செத்துப்போவது உழைப்பவர்கள் என்றார். பத்து வருடச் சிறை. உச்ச நீதிமன்றம் ஒரு நீதிபதிகூட மாறுபடாமல் அதை உறுதி செய்தது. 1920இல் அட்லாண்டா சிறையில் கைதியாக இருந்தபடியே அதிபர் தேர்தலில் நின்று 9 லட்சத்துக்கும் மேல் வாக்கு வாங்கினார். போர் முடிந்து மூன்று வருடம் கழித்து, 1921 டிசம்பரில்தான் விட்டார்கள். அவரை உள்ளே தள்ளிய 1917ஆம் வருட உளவுச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. அரசின் ரகசியக் கண்காணிப்பை அம்பலப்படுத்திய ஸ்னோடன் மீது 2013இல் பாய்ந்ததும் அதுதான்.

பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். 2001 செப்டம்பரில், இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பிறகு, வெள்ளை மாளிகைச் செய்தித் தொடர்பாளர் ஏரி ஃபிளைஷர், அமெரிக்கர்கள் எல்லோரும் என்ன பேசுகிறோம், என்ன செய்கிறோம் என்று கவனமாக இருக்க வேண்டும் என்று செய்தியாளர்கள் முன்னால் சொன்னார். போர் அதிகாரத் தீர்மானத்தை எதிர்த்து 420க்கு ஒன்று என்று தனியாக வாக்களித்த நாடாளுமன்ற உறுப்பினர் பார்பரா லீக்குக் கொலை மிரட்டல் வந்து, போலீஸ் காவல் போட வேண்டியதாயிற்று.

அந்தக் காற்று எங்கள் சாப்பாட்டு அறை வரைக்கும் வந்தது. 2003 மார்ச்சில் நியூ ஜெர்சியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். ஈராக்கில் குண்டு விழத் தொடங்கிய வாரம். எலுமிச்சை சாதத்தைச் சூடு பண்ணிக்கொண்டே, 'ஐ.நா. ஆயுத ஆய்வாளர்கள் இன்னும் கொஞ்ச நாள் தேடியிருக்கலாமே' என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன். அவ்வளவுதான். மறுநாள் மேலாளர் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கதவின் உள்பக்கம் சின்னதாக ஒரு கொடி ஒட்டியிருந்தது. குரலை உயர்த்தவே இல்லை. 'உங்கள் விசா எங்கள் கையில் இருக்கிறது, ஞாபகம் இருக்கட்டும்' என்றார். முதல் திருத்தம் அரசைத்தான் கட்டுப்படுத்தும், தனியார் கம்பெனியை அல்ல. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த அறையில் நின்றவளுக்கு அந்த வித்தியாசத்தால் என்ன பயன்? அந்த வேலையில் இருந்தவரை அதற்கப்புறம் அங்கே நான் வாய் திறந்தது பனியைப் பற்றியும் மழையைப் பற்றியும்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2010 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. வழக்குப் போட்டவர்களில் அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களும் உண்டு. சுனாமி நிவாரணம் கோருவது எப்படி, சமாதானப் பேச்சில் சட்ட ஆலோசனை என்ன என்று அமெரிக்கா தடைசெய்திருந்த புலிகளுக்குச் சொல்லித்தர அனுமதி கேட்டார்கள். குர்து இயக்கம் ஒன்றுக்கு ஐ.நா.வில் முறையிடக் கற்றுக்கொடுக்க மற்றவர்கள் கேட்டார்கள். வழக்கு இழுத்துக்கொண்டிருக்கும்போதே 2009 வந்துவிட்டது. புலிகள் தோற்றுவிட்டதால் வழக்கின் அந்தப் பகுதிக்கு இனிப் பொருளில்லை என்று நீதிமன்றமே சொன்னது. மீதிக்கு 6க்கு 3 என்று தீர்ப்பு: தடைசெய்த இயக்கத்துக்கு அமைதி வழியைக் கற்றுக்கொடுப்பதும் பயங்கரவாதத்துக்குத் துணைபோவதுதான். அப்போதைய சட்டப்படி 15 வருடம் வரை சிறை. நீதிபதி பிரேயர் தன் மாறுபட்ட தீர்ப்பை மன்றத்திலேயே வாசித்தார். ஒரு தமிழ் இதழுக்கு இதைவிட நெருக்கமான அமெரிக்கச் செய்தி உண்டா? தாங்கள் ஒரு பத்திகூடப் போடவில்லை. அப்போது நான் எழுதிய கடிதமும் வரவில்லை.

அங்கே பேச்சுரிமையே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. வியட்நாம் போரை எதிர்த்துப் பள்ளிக்குக் கறுப்புப் பட்டை கட்டிப் போன 13 வயது மேரி பெத் டிங்கர் 1969இல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தாள். எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் அது அரசு மனமுவந்து கொடுத்தது இல்லை. பள்ளியிலிருந்து இடைநீக்கமாகி, வழக்காடி வாங்கியது. வாயைக் கட்டவே இல்லை என்று எழுதினால் டெப்ஸும் அந்தச் சிறுமியும் பட்டதெல்லாம் இல்லாமல் போய்விடுகிறது. எனக்குப் பொறுக்காதது அதுதான்.

அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள். நாலு வரி போதும். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் வேண்டாம், கட்டுரை வந்த அதே பக்கத்தில் வரட்டும். இடம் போதாவிட்டால் என் கடிதத்தை வெட்டிக்கொள்ளுங்கள். 2010 தீர்ப்பைப் பற்றிய பத்தியை மட்டும் வெட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
ஸ்ரீரங்கம்