ஒரு புள்ளிக்கு இரண்டு நாள் லீவு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன மாதம் அக்கா மகனுக்கு ஒரு சான்றிதழ் வாங்க அரசு இணையதளம் ஒன்றில் விண்ணப்பிக்க உட்கார்ந்தேன். ஆதாரில் இருக்கிறபடியே இனிஷியல், பக்கத்தில் ஒரு புள்ளி, அப்புறம் பெயர் என்று அடித்தால், சிறப்புக் குறியீடு கூடாது என்று சிவப்பு எழுத்தில் வருகிறது. சரி, புள்ளியை எடுத்துவிட்டு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து, ஆதாரில் உள்ள பெயரோடு பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. உதவி எண்ணுக்கு அழைத்தால், "சாஃப்ட்வேர் அப்படித்தான் சார், கம்பெனிக்குச் சொல்லியிருக்கோம்" என்கிறார்கள். நான் பதினைந்து வருடமாக மென்பொருள் எழுதும் தொழிலில் இருக்கிறவன். நிரலில், அதாவது மென்பொருள் எப்படி இயங்க வேண்டும் என்று எழுதிவைத்த கட்டளைகளில், ஒரு வரியைத் திருத்தினால் முடிகிற விஷயம் (வெளியிலிருந்து சொல்கிறேன், உள்ளே என்ன கூத்தோ). அந்த வரியைக் கண்ணால் பார்க்கத்தான் வழியில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், மத்திய அரசு 2015-லேயே இதற்குக் கொள்கை வகுத்துவிட்டது. அரசு அலுவலகங்களில் திறந்த மூல மென்பொருளுக்கு (நிரலை யாரும் பார்க்கவும் திருத்தவும் முடிகிற மென்பொருள்) முன்னுரிமை என்று ஒன்று. அரசு தன் செலவில் எழுதிய மென்பொருளின் மூலநிரலைத் திறந்துவிட்டு, மற்ற துறைகளும் வெளியாட்களும் சேர்ந்து மேம்படுத்தட்டும் என்று இன்னொன்று. அதற்கென்றே ஓப்பன்ஃபோர்ஜ் என்று ஒரு தளமும் வைத்திருக்கிறார்கள். ஆனால் நாம் அன்றாடம் மல்லுக்கட்டுகிற தளங்களில் எத்தனைக்கு நிரலைப் பார்க்க முடிகிறது?

நிரலை வெளியிட்டால் திருடனுக்கு வழிகாட்டுவதுபோல் ஆகிவிடும் என்பார்கள். ரேஷன் கடையில் யார் எத்தனை கிலோ அரிசி வாங்கினார் என்பது தரவு, அதை யாரும் கேட்கவில்லை. அந்தக் கணக்கைப் போடுகிற முறையைத்தான் கேட்கிறோம். கொரோனா காலத்தில் மத்திய அரசு கொண்டுவந்த தொற்று எச்சரிக்கைச் செயலி ஆரோக்கிய சேது நினைவிருக்கும். 2020 ஏப்ரலில் வந்தது, நம்மை வேவு பார்க்கிறதா என்று நாடு முழுக்கப் பேச்சு, கேரள உயர் நீதிமன்றத்தில் வழக்குகூட வந்தது. மே 26-ம் தேதி ஆண்ட்ராய்டு செயலியின் நிரலை, நிரல்களைப் பொதுவில் பகிரும் தளமான கிட்ஹப்பில் வெளியிட்டு, ஓட்டையைக் கண்டுபிடித்துச் சொன்னால் பரிசு என்றும் அறிவித்தார்கள். அப்போது 11 கோடிப் பேருக்கு மேல் அதை வைத்திருந்தார்கள், வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. என் குறை வேறு: சர்வர் பக்கத்து நிரல் வெளிவர நவம்பர் ஆகிவிட்டது, நம் விவரம் போய்ச் சேருகிற இடமே அதுதான்.

சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, அரசின் கட்டளைப்படி உருவான படைப்புக்கு வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் முதல் உரிமையாளர் அரசுதான். அந்த "வேறு ஒப்பந்தம்" டெண்டரிலேயே நுழைந்துவிட்டால்தான் வினை. பிறகு விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டத்தை மாற்றவும் அதே கம்பெனி வாசலில் போய் நிற்க வேண்டும், அவர்கள் சொன்னதுதான் விலை. சுவிட்சர்லாந்தில் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள்: 2024 ஜனவரி முதல், கூட்டாட்சி அரசு அலுவலகங்கள் தமக்காக எழுதிய மென்பொருளின் நிரலை வெளியிட்டாக வேண்டும். பாதுகாப்பு, பிறர் உரிமை என்ற காரணங்களுக்கு மட்டும் விலக்கு. நம் மாநில அரசு டெண்டரில், நிரல் அரசுக்கே சொந்தம், வேலை முடிந்ததும் பொதுவில் வெளியிடப்படும் என்று இரண்டு வரி சேர்ப்பதில் என்ன நஷ்டம்? பாதுகாப்புக் காரணம் சொல்லி எதையாவது மறைப்பதானால், அந்தக் காரணத்தை எழுத்தில் கொடுக்கட்டும்.

ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நிரலைக் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு அந்தப் பக்கமே திரும்பிப் பார்க்காவிட்டால் பயனில்லை. வெளியிலிருந்து வரும் திருத்தங்களைப் படித்து, சரியாக இருந்தால் சேர்க்க, இல்லையென்றால் ஏன் இல்லை என்று பதில் சொல்ல, துறையில் சம்பளம் வாங்கும் ஒருவராவது வேண்டும். என்னைப்போல் ராத்திரி உட்கார்ந்து இலவசமாகத் திருத்தித் தர இங்கே ஆள் இருக்கிறது, வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

அக்கா மகனுக்குச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. மென்பொருளை யாரும் மாற்றவில்லை. நான் இரண்டு நாள் லீவு போட்டு, ஆதார் மையத்தில் வரிசையில் நின்று, பையன் பெயரிலிருந்த புள்ளியை எடுக்க வைத்தேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், விருதுநகர்