ஒரு குல்லாவா, இரண்டா

அன்புள்ள தம்பிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். போன வாரமே எழுத நினைத்தேன். மருந்து ஏற்றக் குத்தியிருக்கும் கேனுலாவை வலது கைக்கு மாற்றிவிட்டார்கள், எழுத்து கோணல்மாணலாக வருகிறது. பொறுத்துக்கொள்.

இந்த வார்டில் இது ஐந்தாவது மாதம். வாரம் இரண்டு நாள் கைவேலை சொல்லித்தர ஒரு பெண் வருகிறாள். கத்தரிக்கோலை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவாள். பொழுதுபோக்கு என்றுதான் நினைத்தேன். விரல் மடங்குகிறதா, தொடங்கியதை முடிக்கிறோமா என்று பார்ப்பதும் அவள் வேலையாம். பக்கத்துக் கட்டில் அம்மா மருந்துக் காகிதத்தில் கொக்கு மடித்துக் குவிக்கிறார். 1955-இல் ஹிரோஷிமாவில் சடாகோ என்ற 12 வயதுப் பெண், ரத்தப் புற்றுநோயோடு படுத்தபடி இப்படித்தான் மடித்தாளாம். ஆயிரம் மடித்தால் நினைத்தது நடக்கும் என்று நம்பிக்கை. அந்தப் பெண் பிழைத்தாளா என்று கேட்டேன். அவர் பேசாமல் அடுத்த காகிதத்தை எடுத்தார்.

நேரத்துக்குச் சாப்பிடு. இரவு கண் விழிக்காதே. மகன் பெரிய வேலையில் இருக்கிறான் என்று நர்ஸுகளிடம் தினமும் சொல்கிறேன். எப்போது வருவார் என்று அவர்கள்தான் கேட்கிறார்கள், நான் கேட்கவில்லை. பெரியம்மாவிடம் மட்டும் பேசுகிறாய் போல. சரி, அதுவும் நல்லதுதான். நேரத்துக்குச் சாப்பிடு.

போன செவ்வாய் அந்தப் பெண் மீன் செய்யச் சொல்லி டிரிப் டியூப் கொண்டுவந்தாள். காலாவதியான, உறை பிரிக்காத டியூப். பயன்படுத்தியதைத் தொடவே கூடாதாம். அதை நீளவாக்கில் நாடாவாகக் கிழித்து, பாய் முடைவது போலக் கோக்க வேண்டும். வழுக்கும். வால் பக்கம் இறுக்கிப் பிடிக்காவிட்டால் மொத்தமும் பிரிந்துவிடும். எனக்கு மூன்று தடவை பிரிந்தது. நாலாவது தடவை விரல் நுனி சிவந்துவிட்டது.

நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது உனக்கு ஒன்பது வயது. காலைத் தூக்கிக் கட்டியிருந்தார்கள். மல்லாந்து படுத்தபடியே நீ ஒரு மீன் செய்தாய், பச்சை மையில் கண் வைத்தாய். வீட்டுக்குக் கிளம்பிய அன்று பையில் அதைக் காணோம் என்று அழுதாய். ஆயா கூட்டும்போது போயிருக்கும் என்றேன். போகவில்லை தம்பி. நான்தான் குப்பையில் போட்டேன். ஆஸ்பத்திரிப் பொருள் எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது என்று அப்போது எனக்கு ஒரு வெறி. நீ அந்த ஆயாவைத் திட்டியபோதும் வாயைத் திறக்கவில்லை. உனக்கு மறைக்கும் புத்தி எங்கிருந்து வந்தது என்று இத்தனை வருஷமாக உன் அப்பா வழியைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் மீனுக்கு இன்னும் கண் வைக்கவில்லை.

அப்புறம், குரோஷாவில் குல்லா பின்னுகிறேன், உன் ஊர்க் குளிருக்கு. நீலம் முடிந்துவிட்டது, அது உனக்கு. சிவப்பு நூல் இன்னொன்றுக்குச் சரியாக இருக்கிறது. அவளுக்குச் சிவப்பு பிடிக்கும். பின்னவா? பின்னலாம் என்றால் தலைச் சுற்றளவு மட்டும் எழுது. வேறெதுவும் எழுத வேண்டாம்.

அம்மா