திருவிழாக் கணக்கும் தாந்தேயின் நரகமும்

அன்புள்ள சேவியர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை. வலது கண்ணில் புரை எடுத்தார்கள். சொட்டு மருந்து, கறுப்புக் கண்ணாடி, குனியாதே, தலைக்குத் தண்ணீர் ஊற்றாதே, படிக்காதே என்று ஒரே கெடுபிடி. இப்போது பரவாயில்லை. எதிர்வீட்டுச் சுவர் இவ்வளவு வெள்ளையா என்று தினமும் காலையில் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருக்கிறேன், எஸ்தர் தலையில் அடித்துக்கொள்கிறாள்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். திருவிழாக் கணக்கில் பந்தலுக்கு ஒரே தொகையை இரண்டு தேதியில் எழுதியிருக்கிறார்களே என்று நீ கேட்டதும், "சாமியாரையே சந்தேகப்படுறீங்களா" என்று அவர்கள் உன் வாயை அடைத்ததும், நீ பங்குப் பேரவையை உதறிவிட்டுப் பூசைக்கும் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பதும், எல்லாம் படித்தேன். கோபம் நியாயம்தான். ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாய் பார், அந்தக் காலத்துப் பெரியவர்களுக்குத் தேவபயம் இருந்தது, இப்போதுதான் எல்லாம் கெட்டுவிட்டது என்று, அதை மட்டும் என்னால் விட முடியவில்லை. எந்தக் காலம், சேவியர்? படிக்கக்கூடாது என்று சொன்ன நாட்களில் கண்ணை மூடிக்கொண்டு நான் மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தது தாந்தேயைத்தான், நரகத்திலிருந்து பரலோகம்வரை தானே நடந்து போய்ப் பார்த்ததாகக் காவியம் எழுதின இத்தாலியக் கவிஞன். அவன் சொல்கிற காலம் 1300. போப்பை எதிர்த்து எங்கள் புராட்டஸ்டண்ட் வழியைத் தொடங்கிய லூத்தர் வர இன்னும் இருநூறு வருஷத்துக்கு மேல் இருக்கிறது, அதனால் நான் என் சபைக்கு ஆள் சேர்க்கிறேன் என்று நினைக்காதே. எங்கள் தேர்தல் கூத்தைப் பற்றி நீயே போன தடவை சிரித்தாய்.

நரகத்தின் எட்டாவது வட்டத்தில் ஒரு பள்ளம். அங்கே கிடப்பவர்கள் தேவனுடைய காரியங்களை விலைக்கு விற்றவர்கள். அப்போஸ்தலர் நடபடிகளில் சமாரியாவின் மாயவித்தைக்காரன் சீமோன் பேதுருவிடம் பணத்தைக் கொண்டுவந்து நீட்டுவானே, ஆவியின் வரத்தை எனக்கும் கொடுங்கள் என்று, அவன் பெயரிலேயே இந்தப் பாவத்துக்கு சிமோனி என்று பெயர். "உன் பணம் உன்னோடேகூட நாசமாய்ப் போகக்கடவது" என்று பேதுரு அவனை விரட்டினார். தாந்தே அந்தப் பாட்டைத் தொடங்குவதே சீமோனைக் கூப்பிட்டுத் திட்டித்தான்.

பள்ளத்தின் பாறை முழுக்க வட்ட வட்டமான குழிகள். ஒவ்வொரு குழியிலும் ஒருவன் தலைகீழாகச் செருகப்பட்டிருக்கிறான், வெளியே தெரிவது கால் மட்டும். உள்ளங்கால்களில் தீ, அதுவும் எண்ணெய் தடவிய பொருளின் மேல் தீ ஓடுமே, அந்த மாதிரி, குதிகாலிலிருந்து விரல் நுனிவரை மேலோட்டமாக ஓடுகிறது. அபிஷேக எண்ணெய் பூசப்பட்டவர்கள், அது வேறு. குழியின் அளவைச் சொல்லும்போது, எங்கள் ஊர் ஃப்ளோரன்ஸின் சான் ஜியோவானி ஞானஸ்நானத் தொட்டிகளில் இருக்கிற குழிகளைப் போல என்கிறான். அதில் ஒன்றை, உள்ளே ஒருவர் மூழ்கிக்கொண்டிருந்ததால் தானே உடைத்ததாக நடுவில் ஒரு சொந்தக் கதையும் சொல்கிறான். யாரோ அவனைத் தூற்றியிருக்க வேண்டும், சாட்சி சொல்ல இடம் கிடைத்ததும் நரகத்தின் நடுவிலேயே சொல்லிவிட்டான். இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மற்றவர்களைவிட அதிகமாக உதைத்துக்கொள்கிற கால்கள் இரண்டு. தாந்தே பக்கத்தில் போய்க் குனிகிறான். அந்தக் காலத்தில் கூலிக்கொலைகாரனைத் தலைகீழாக நட்டுப் புதைப்பார்கள், கடைசி நேரத்தில் பாவசங்கீர்த்தனம் கேட்கச் சாமியார் குனிந்து நிற்பார். அப்படி நின்றேன் என்கிறான். சாமியாரின் இடத்தில் ஒரு குடும்பஸ்தன், கொலைகாரனின் இடத்தில் ஒரு போப். உள்ளேயிருந்து குரல் வருகிறது: "அதற்குள் வந்துவிட்டாயா, போனிஃபாஸ்? வரப்போவதைச் சொல்லும் ஏடு என்னிடம் பல வருஷம் பொய் சொல்லிவிட்டதே!" பேசுவது போப் மூன்றாம் நிக்கோலாஸ், 1280-இல் இறந்தவர், குனிந்து நிற்கிற தாந்தேயைப் போப் போனிஃபாஸ் என்று நினைத்துவிட்டார். ஒவ்வொரு போப்பும் வந்து சேரும்போது முந்தையவர் பாறை இடுக்கில் இன்னும் கீழே இறங்க வேண்டும், அடுத்தவர் மேலே செருகப்படுவார். நிக்கோலாஸ் இருபது வருஷமாகக் கால் வெந்துகொண்டு, சார்ஜ் ஒப்படைக்க ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறார்! போனிஃபாஸுக்குப் பின்னால் அவரைவிட மோசமான ஒருவர் மேற்கிலிருந்து வருவார் என்றும் சொல்கிறார், அது பிரான்சிலிருந்து வந்த ஐந்தாம் கிளமெண்ட்.

கதை நடக்கும் வருஷத்தில் இந்த எட்டாம் போனிஃபாஸ்தான் போப், உயிரோடு இருக்கிறார். இறந்தது 1303-இல். உயிரோடு இருக்கிற மனுஷனுக்கு நரகத்தில் இடம் ரிசர்வ் ஆகியிருப்பதை தாந்தே தன் வாயால் சொல்லவில்லை, செத்துப்போன இன்னொரு போப் ஆள் தெரியாமல் உளறியதாக எழுதிவிட்டான். வக்கீல்கூட இவ்வளவு சாமர்த்தியமாக மனு எழுத மாட்டான். நிக்கோலாஸின் குடும்பம் ஓர்சினி, அந்தப் பெயருக்குள் பெண்கரடி இருக்கிறது. என் குட்டிகளை முன்னேற்றுகிற ஆசையில் மேலே பணத்தைப் பைக்குள் போட்டேன், இங்கே என்னையே பைக்குள் போட்டுக்கொண்டேன் என்று அவரே சொல்கிறார். மச்சானுக்குக் கான்ட்ராக்ட், மருமகனுக்குப் பள்ளிக்கூட வேலை என்று நீ போன கடிதத்தில் போட்ட பட்டியலை நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் தாந்தே கேட்கிற கேள்வி: பேதுருவின் கையில் பரலோகத் திறவுகோலைக் கொடுப்பதற்கு முன்னால் நம் ஆண்டவர் எவ்வளவு பொற்காசு கேட்டார்? "என் பின்னே வா" என்பதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லையே. விக்கிரகத்தைக் கும்பிடுகிறவன் ஒன்றைக் கும்பிடுகிறான், நீங்கள் நூறைக் கும்பிடுகிறீர்கள், இதுதான் வித்தியாசம் என்கிறான். ஆனால் இதையெல்லாம் கொட்டும்போதே நடுவில் ஒன்று சொல்லிவிடுகிறான், அந்தத் திறவுகோல்களின் மேல் எனக்குள்ள மரியாதை தடுக்காவிட்டால் இன்னும் கடுமையாகப் பேசியிருப்பேன் என்று. கால் எரிகிற ஆளின் முன்னால் நின்றுகொண்டு மரியாதையா என்று முதல் தடவை படித்தபோது சிரித்துவிட்டேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் இதே தாந்தேதான் போனிஃபாஸால் ஊரை இழந்தவன். அவரிடம் தூது போன நேரத்தில் ஃப்ளோரன்ஸில் எதிர்க்கட்சி ஆட்சியைப் பிடித்தது, அதற்கு போப்பின் ஆசி இருந்தது. 1302 ஜனவரியில் தாந்தேக்கு 5,000 ஃப்ளோரின் பொற்காசு அபராதம், மார்ச்சில் பிடிபட்டால் உயிரோடு எரிக்க உத்தரவு. குற்றச்சாட்டு என்ன தெரியுமா? பதவியிலிருந்தபோது லஞ்சம்! 2008-இல்தான் ஃப்ளோரன்ஸ் நகரசபை தீர்மானம் போட்டு அந்தத் தண்டனையை ரத்து செய்தது. கணக்குக் கேட்டவன் மேலேயே திருட்டுப் பழி போடுகிற வித்தை உங்கள் ஊரில் கண்டுபிடித்ததில்லை. அப்படிப்பட்டவன், 1303-இல் பிரெஞ்சு ராஜாவின் ஆட்கள் அனாக்னியில் போனிஃபாஸைப் பிடித்து அவமானப்படுத்தியதை எழுதும்போது, கிறிஸ்துவே மறுபடி பிடிபடுகிறார், மறுபடி அவருக்குக் காடியும் கசப்பும் கொடுக்கிறார்கள் என்று எழுதுகிறான். ஆள் நரகத்துக்கு, நாற்காலிக்கு நமஸ்காரம். இரண்டையும் ஒரே கையால் எழுத எப்படி முடிந்தது?

பரலோகத்தில், முதல் போப் என்று நீங்கள் சொல்கிற பேதுரு பேசுகிற இடமும் அப்படித்தான். என் இடம், என் இடம், என் இடம் என்று மூன்று தடவை சொல்கிறார், பூமியில் அதை ஒருவன் அபகரித்துக்கொண்டான், என் கல்லறையைச் சாக்கடை ஆக்கிவிட்டான் என்கிறார். சொல்லும்போது வெட்கத்திலும் கோபத்திலும் அவர் நிறம் மாறிச் சிவந்துபோகிறது, அவரைப் பார்த்து முழுப் பரலோகமும் சிவக்கிறது. மேய்ப்பர் உடையில் ஓநாய்கள் என்பதும் அங்கேதான் வருகிறது.

1300-ஆம் வருஷத்தைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். ரோமுக்கு யாத்திரை வருகிறவர்களுக்கு மன்னிப்பு என்று போனிஃபாஸ் அறிவித்த முதல் ஜூபிலி ஆண்டு அது. ரோமில் கூட்டம் தாங்காமல் பாலத்தில் போகிறவர்களை ஒரு பக்கமும் வருகிறவர்களை ஒரு பக்கமும் விட்டார்கள், தாந்தே அதை நரகத்தில் ஓடுகிற பாவிகளின் வரிசைக்கு உவமையாகவே எடுத்துக்கொண்டான். ஆஸ்தி என்ற இத்தாலிய ஊரிலிருந்து போயிருந்த வெந்தூரா என்பவர் கண்ணால் பார்த்து எழுதிவைத்தது: புனித பவுல் பேராலயப் பீடத்தருகே இரண்டு குருக்கள் இரவு பகலாக நின்று, கையில் வாருகோல் வைத்துக் காசை வாரி வாரி இழுத்துக்கொண்டிருந்தார்கள். களத்தில் நெல்லைப் பலகையால் இழுப்பார்களே, அப்படித்தான் எனக்குத் தோன்றியது.

அந்த வாருகோல் இழுபட்டுக்கொண்டிருந்த அதே நாட்களில் பூமிக்குக் கீழே ஓர் அறையில் ஒரு கிழவர் கிடந்தார். யாக்கோபோனே தா தோதி, பிரான்சிஸ்கன் துறவி, கவிஞர். 1297-இல் போனிஃபாஸை எதிர்த்த கொலோன்னா குடும்பத்துக் கர்தினால்களோடு சேர்ந்து போனிஃபாஸ் உண்மையான போப்பே இல்லை என்று கையெழுத்துப் போட்டவர். அடுத்த வருஷம் அவர்கள் கோட்டை பலெஸ்திரீனா விழுந்தது, இவருக்குச் சிறை, சபைநீக்கம். உலகத்தோடு ரொம்பச் சூதாடிவிட்டாய் போனிஃபாஸ், சந்தோஷமாகப் போய்ச்சேர மாட்டாய் என்று முகத்துக்கு நேரே பாட்டு எழுதினவர் இவர். சிறையைப் பற்றியும் பாட்டாகவே எழுதியிருக்கிறார், அழுகையில்லாமல், கிண்டலாக. பக்கத்தில் கக்கூஸ், கஸ்தூரி வாசம் வரவில்லை என்கிறார். ரொட்டியை எலி தின்னாமல் கூடையில் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறது, தொட்டுக்கொள்ள வெங்காயம். காலில் விலங்கு, வேட்டைப் பருந்தின் காலில் கட்டுகிற வார் மாதிரி நடந்தால் கலகலக்கிறது, பக்கத்தில் நிற்கிறவர்களுக்குப் புது நடனம் கேட்கும் என்கிறார்.

இவ்வளவும் எழுதினவர் அதே போனிஃபாஸிடம் என்ன கேட்கிறார் தெரியுமா? விடுதலை கேட்கவில்லை. உன் பிளந்த நாக்கால் இந்தக் காயத்தை உண்டாக்கினாய், அந்த நாக்காலேயே நக்கி ஆற்று என்கிறார். மற்ற தண்டனையெல்லாம் நான் சாகும்வரை இருக்கட்டும், 'உன்னை மன்னிக்கிறேன்' என்ற அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லு. ஜூபிலிக்கு வந்தவர்களுக்கு அள்ளிக் கொடுத்த மன்னிப்பில் கொலோன்னா பக்கத்து ஆட்களுக்குப் பங்கில்லை என்று விலக்கிவிட்டிருந்தார்கள். போனிஃபாஸ் செத்த பிறகுதான் கிழவர் வெளியே வந்தார், 1306-இல் இறந்தார்.

எனக்கு இதைத் தாண்டிப் போகத் தெரியவில்லை, சேவியர். திருடன் என்று பாட்டில் எழுதி ஊருக்கெல்லாம் சொன்ன பிறகும், மன்னிப்பு அவன் வாயிலிருந்துதான் வரவேண்டும் என்று அவர் நம்பினார். நானாக இருந்தால் போடா என்று கிளம்பியிருப்பேன், எங்கள் ஆட்கள் அதைத்தானே செய்தார்கள், செய்து என்ன ஆயிற்று என்பது வேறு கதை. உன்னைக் கோயிலுக்குத் திரும்பிப் போ என்று சொல்ல நான் யார். ஆனால் ஒன்று செய், பேரவையை விட்டாலும் அந்தக் கணக்கு நோட்டு இன்னும் உன்னிடம்தானே இருக்கிறது? கேட்டு ஆள் வருவதற்குள் இரண்டு ஜெராக்ஸ் எடுத்து ஒன்றை எனக்கு அனுப்பு. இப்போது எழுத்தெல்லாம் நன்றாகத் தெரிகிறது.

பெரியவள் கோயம்புத்தூரில் வீடு மாறிவிட்டாள், கிறிஸ்துமஸுக்கு வருகிறாள். நீயும் மேரியும் அந்தச் சமயம் வாருங்கள். வரும்போது உங்கள் பக்கத்துக் கருப்பட்டி இரண்டு கிலோ. நல்லதாகப் பார்த்து வாங்கு, போன தடவை வந்ததில் பாதி சீனிப்பாகு.

அன்புடன்,
சாமு