தண்ணீரை நிறுத்து

அன்புள்ள தம்பிக்கு,

எலுமிச்சையின் படம் வந்தது. கூட ஒரு வரியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் உனக்கு வேலை இருக்கும் என்று அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன்.

முதலில் தண்ணீரை நிறுத்து. மண் ஈரமாக இருக்கும்போதே இலை தொங்கினால் அது தாகமில்லை, வேர் மூச்சு முட்டுகிறது. சுண்டுவிரல் ஆழம் கிளறிப் பார். அங்கேயும் காய்ந்திருந்தால் மட்டும் ஊற்று. அதுவும் தண்டடியில் வேண்டாம், கிளை நிழல் முடியும் ஓரத்தில் வட்டமாக, ஆழம் இறங்கும்படி. தினமும் ஒரு குவளை ஊற்றுவது கவனிப்பே இல்லை.

உரமும் இப்போது கூடாது. அழுகின வேர் அதை இழுக்காது. உப்புச் சேர்ந்து இலை நுனிதான் கருகும். கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பதைப் பார்த்து நுண்ணூட்டம் தேடி ஓடுவாய், உன்னைத் தெரியும். பொறு. வேர் தேறிப் புதுத் துளிர் வந்தும் அப்படியே இருந்தால், லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட், அதில் பாதி நீர்த்த சுண்ணாம்பு, வடிகட்டி மாலையில் தெளி.

காயெல்லாம் பறித்துவிடு. மனசு கேட்காது, ஆனாலும் பறி. கிளையை மட்டும் வெட்டாதே. எலுமிச்சைக்கு உணவுச் சேமிப்பு இலையிலும் இருக்கிறது. மொட்டையடித்தால் பட்டை வெயிலில் வெந்து வெடிக்கும். காய்ந்த மாதிரி தெரியும் குச்சியை நகத்தால் சுரண்டு. உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. ஒட்டுக்கு, அதாவது எலுமிச்சையை வேறொரு வேர்ச்செடியோடு ஒட்டிய இடத்துக்கு, கீழே கிளம்பும் போத்தை, அந்தப் பக்கத்துளிரை, மட்டும் அடியோடு பிய்த்துவிடு, அது வேறு மரம்.

படத்தில் அந்த ஒட்டே தெரியவில்லை. மண்ணை அணை, அணை என்று சொன்னவன் நான்தான். சொன்னதை அப்படியே செய்திருக்கிறாய். நீ தண்ணீர் ஊற்றியதை மட்டும் குற்றம் சொல்லி இவ்வளவு எழுதிவிட்டேன். ஒட்டுக்கு மேல் மண் ஏறினால் பட்டை அழுகும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மண்வெட்டி வேண்டாம், கையால் விலக்கு, மேல்வேர் விரியும் இடம் தெரியும்வரை. பிசின் வடிந்தாலோ பட்டை மெத்தென்று பழுத்திருந்தாலோ, நல்ல பட்டை வரும்வரை சுரண்டி போர்டோ பசை தடவு, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சை மருந்து அது. மூடாக்கு, மண்மேல் பரப்பும் சருகு, தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளியே இருக்கட்டும். தண்ணீர் மட்டும் வேண்டாம், இன்னொரு தடவை சொல்கிறேன்.

ஒட்டு வெளியே தெரிந்ததும் படம் அனுப்பு. மரத்தின் பக்கத்தில் நீ நின்றால் அதன் உயரமும் எனக்குத் தெரியும்.

அப்பா