முன்பணமும் பாக்கியும்: காமிக்ஸ் வாசகர்களுக்கு ஒரு மடல்

தருமபுரி,
பிப்ரவரி 2026

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். போன தீபாவளிக்கு முன் வெளிநாட்டு காமிக்ஸ் புத்தகங்களுக்காக எங்களிடம் முன்பணம் கட்டியவர்கள் 23 பேர். அவர்களில் 14 பேருக்குப் புத்தகம் கொடுத்துவிட்டோம். மீதி 9 பேர் கடைப்பக்கம் வரும்போதெல்லாம் "வந்துடுச்சா?" என்று கேட்பதும், நான் "அடுத்த வாரம்" என்று சொல்வதும் மூன்று மாதமாக நடக்கிறது. இனி அப்படிச் சொல்ல மாட்டேன். அந்தப் புத்தகங்கள் இப்போதைக்கு வராது. ஒன்பது பேருடைய பணமும் முழுதாகத் திரும்பக் கிடைக்கும்.

எங்களுக்குப் புத்தகம் வரவழைத்துத் தரும் பெங்களூரு வியாபாரிக்கு வழக்கமாக வாங்கும் வழி அடைபட்டுவிட்டது. வேறு இடத்தில் விசாரித்தார். விலை ஒன்றரை மடங்கு சொன்னார்கள். 2019 பட்ஜெட்டில் இறக்குமதிப் புத்தகங்களுக்குப் போட்ட 5 சதவீதச் சுங்க வரியும், அனுப்பும் செலவும் அதற்கு மேல். அந்த விலையை உங்களிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. ஆர்டரை ரத்து செய்துவிட்டேன்.

இதோடு முடித்துக்கொள்ளலாம். ஆனால் இந்த மூன்று மாதத்தில் இந்தத் தொழிலைப் பற்றி நிறையப் படித்தேன். படித்தது எங்கள் கடைக் கணக்கையே வேறு கண்ணால் பார்க்க வைத்தது. அதைச் சொல்லத்தான் இந்த நீண்ட மடல்.

அமெரிக்காவில் டயமண்ட் என்று ஒரு காமிக்ஸ் விநியோக நிறுவனம். 1982-இல் மேரிலாந்தில் தொடங்கியது. அங்கே காமிக்ஸ் கடைக்காரர் மாதா மாதம் வரும் பட்டியலைப் பார்த்து, இரண்டு மாதம் முன்னதாகவே எத்தனை பிரதி வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார். விற்காததைத் திருப்பித் தர முடியாது. பதிப்பாளர் அந்த எண்ணிக்கையைப் பார்த்து அச்சடிப்பார். கையில் பணமில்லாத சின்னப் பதிப்பகத்துக்கு இது பெரிய வரம். எத்தனை விற்கும் என்று தெரிந்த பிறகுதானே அச்சகத்துக்குப் போகிறார்கள்! சூப்பர் ஹீரோ இல்லாத கதைகள், ஆயிரம் ரெண்டாயிரம் பேர் மட்டும் படிக்கிற கதைகள் அங்கே பிழைத்துக் கிடந்ததற்கு இந்த முறை ஒரு முக்கியக் காரணம்.

1990-களின் நடுவில் போட்டி நிறுவனங்கள் ஒவ்வொன்றாக விழ, கடைசியில் டயமண்ட் ஒன்றுதான் மிஞ்சியது. எல்லாப் பதிப்பாளருக்கும் ஒரே கதவு. 2009-இல் அந்தக் கதவின் உயரத்தை ஏற்றினார்கள்: ஒரு தலைப்புக்கு 2,500 டாலர் அளவுக்காவது ஆர்டர் வராவிட்டால் பட்டியலில் இடம் கஷ்டம். அதற்கு முன் 1,500 டாலராக இருந்தது. சின்னவர்கள் பலருக்கு அப்போதே மூச்சு முட்டியது. அப்புறம் 2020-இல் பெரிய பதிப்பாளரான டிசி வெளியேறியது. அடுத்த ஆண்டு இன்னொரு பெரிய பதிப்பாளரான மார்வெல் தன் விநியோகத்தை வேறு இடத்துக்கு மாற்றியது. 2025 ஜனவரி 14 அன்று டயமண்ட் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது.

இங்கேதான் என் மனதைத் தைத்த விஷயம் வருகிறது. டயமண்ட் கிடங்கில் இருந்த புத்தகங்களில் பெரும் பகுதி பதிப்பாளர்கள் 'விற்றால் பணம்' என்ற பேச்சில் கொடுத்து வைத்தது. அந்தச் சரக்கையும் விற்றுக் கடனை அடைக்க அனுமதி கேட்டு 2025 ஜூனில் மனு போட்டார்கள். தங்கள் செலவில் அச்சடித்து, தங்கள் செலவில் அனுப்பி வைத்த புத்தகம் யாருடையது என்று பதிப்பாளர்கள் வக்கீல் வைத்து வாதாட வேண்டி வந்தது. டபிள்யூ. டபிள்யூ. நார்ட்டன் என்ற நிறுவனம் வழியாகப் புத்தகக் கடைகளுக்குப் போகிற ஃபேன்டாகிராஃபிக்ஸ் போன்ற காமிக்ஸ் பதிப்பகங்களுக்கு வேறு வாசல் இருந்தது. ஒரே வாசலை நம்பியவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

இதைப் படித்த அன்று ராத்திரி எங்கள் கடை நோட்டை எடுத்துப் பார்த்தேன். பென்னாகரத்துத் தம்பி ஒருவர், கல்லூரி மாணவர், ஒகேனக்கல் பரிசல்காரர்களைப் பற்றி 24 பக்கத்தில் ஒரு படக்கதை வரைந்து, ஜெராக்ஸ் எடுத்து, தானே தைத்து, 30 பிரதி கொண்டுவந்து கொடுத்தார். பிரதி 40 ரூபாய். எங்கள் கடையிலும் அதே 'விற்றால் பணம்' பேச்சுதான். ஆறு வாரத்தில் 22 விற்றது. பணத்தை நான் கொடுத்தது நான்கு மாதம் கழித்து. ஜெராக்ஸ் கடைக்கு அவர் கடன் வைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது. அந்த 880 ரூபாய் என் கல்லாவில் புரண்டுகொண்டிருந்தபோது அவர் அடுத்த கதையைத் தொடங்க முடியாமல் இருந்திருக்கிறார். தம்பியிடம் நேரில் மன்னிப்புக் கேட்டேன். உங்களிடமும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை வாங்கிப் படித்துவிட்டு "அடுத்தது எப்போ?" என்று கேட்டவர்கள் நீங்கள்தான்.

1981-இல் கலிஃபோர்னியாவில் ஹெர்னாண்டஸ் சகோதரர்களும் இப்படித்தான் தொடங்கினார்கள். சொந்தக் காசில் 'லவ் அண்ட் ராக்கெட்ஸ்' என்ற காமிக்ஸை அச்சடித்து, காமிக்ஸ் விமர்சன இதழ் ஒன்றுக்கு அனுப்பினார்கள். அந்த இதழை நடத்திய ஃபேன்டாகிராஃபிக்ஸ், விமர்சனத்தோடு நிற்காமல் அதைத் தாங்களே பதிப்பிக்கக் கேட்டார்கள். 1982-இல் தொடங்கிய அந்த உறவு நாற்பது ஆண்டு தாண்டியும் நிற்கிறது. 1992-இல் புலிட்சர் சிறப்பு விருது பெற்ற 'மவுஸ்' படக்கதை கூட, ஆர்ட் ஸ்பீகல்மன் தன் மனைவி பிரான்சுவாஸ் மூலியோடு சேர்ந்து நடத்திய 'ரா' என்ற சின்னப் பத்திரிகையில் பகுதி பகுதியாக வந்ததுதான். பென்னாகரத்துத் தம்பியின் தையல் போட்ட புத்தகத்தைக் கையில் எடுக்கும்போது எனக்கு இவர்கள் ஞாபகம்தான் வருகிறது. படமும் எழுத்தும் சேர்ந்து கதை சொல்வது இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. நம் பக்கத்து நடுகற்கள் சிலவற்றில் கீழே சண்டை, நடுவில் வீரனைத் தேவமகளிர் தூக்கிப் போவது, மேலே சொர்க்கம் என்று மூன்று அடுக்கில் செதுக்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

சரி, மாற்றங்களுக்கு வருகிறேன். இந்த மாதத்திலிருந்து நம் மாவட்டத்திலும் கிருஷ்ணகிரிப் பக்கத்திலும் வரைந்து, தாங்களே அச்சடித்துக் கொண்டுவருகிறவர்களின் புத்தகங்களைக் கையில் பணம் கொடுத்து வாங்குவோம். குறைவாகத்தான் வாங்க முடியும், ஒரு தலைப்புக்குப் பத்துப் பிரதி. விற்காவிட்டால் அது எங்கள் பாடு. விற்றுத் தீர்ந்தால் அடுத்த பத்து, அதற்கும் அன்றே பணம்.

உங்கள் முன்பணத்துக்கு வங்கியில் தனிக் கணக்கு திறந்துவிட்டோம். புத்தகம் உங்கள் கையில் சேரும் வரை அந்தப் பணத்தைக் கடை வாடகைக்கோ கரண்ட் பில்லுக்கோ தொட மாட்டோம். 45 நாளில் புத்தகம் வராவிட்டால் நீங்கள் கேட்க வேண்டியதில்லை, நாங்களே கூப்பிட்டுத் திருப்பித் தருவோம்.

முன்பணமே வேண்டாம் என்று முடிவெடுக்கலாமா என்றும் யோசித்தேன். என் தம்பிதான் தடுத்தான். அவன் சொன்னதும் நியாயம். 2013-இல் ஃபேன்டாகிராஃபிக்ஸின் இணைப் பதிப்பாளர் கிம் தாம்ப்சன் இறந்த பிறகு அவர் பார்த்துவந்த புத்தகங்கள் தடைபட்டு, பணமுடை வந்தது. வாசகர்களிடம் 1,50,000 டாலர் முன்கூட்டியே கேட்டார்கள். 2,20,000-க்கு மேல் வந்தது. அவ்வளவு தூரம் போவானேன், சிவகாசியில் 1972-இல் தொடங்கிய முத்து காமிக்ஸும் 1984-இல் தொடங்கிய லயனும் இன்று வரை வருவதற்கு ஆண்டுச் சந்தா கட்டுகிற வாசகர்கள்தானே தூண்! நம் கடையிலேயே அந்தச் சந்தாக்காரர்கள் சிலர் உண்டு. முன்பணம் நல்ல பழக்கம்தான். வாங்குகிறவன் ஒழுங்காக இருக்க வேண்டும், அவ்வளவே.

ஆங்குலேம் பற்றிப் பாலக்கோட்டு ஆசிரியை ஒருவர் கேட்டிருந்தார். பிரான்சில் 1974 முதல் நடக்கும் காமிக்ஸ் விழா அது. இந்த ஜனவரியில் நடக்கவில்லை. விழாவை நடத்தும் நிறுவனத்தின் மீது இருந்த அதிருப்தியால் படைப்பாளிகள் பெருமளவில் புறக்கணித்தார்கள், பதிப்பாளர்களும் பின்வாங்கினார்கள், விழா ரத்தானது. 2016-இல் பெரிய விருதுக்கான 30 பேர் பட்டியலில் ஒரு பெண் பெயர்கூட இல்லாதபோதும் பட்டியலில் இருந்த ஆண்களே பலர் தங்கள் பெயரை விலக்கிக்கொண்டார்கள். வரைகிறவர்கள் சேர்ந்து நின்றால் என்ன ஆகும் என்பதை இரண்டு முறையும் பார்த்துவிட்டோம். எனக்கு அதில் சந்தோஷம்தான்.

வெளிநாட்டுப் புத்தகம் இல்லாத குறையைப் போக்க இந்தியாவில் அச்சான படக்கதைகளை வரவழைத்திருக்கிறோம். ஒரிஜித் சென் நர்மதை அணை பற்றி 1994-இல் வரைந்த 'ரிவர் ஆஃப் ஸ்டோரீஸ்' பல வருடம் கிடைக்காமலே இருந்தது. சென்னை பிளாஃப்ட் பதிப்பகம் 2022-இல் மறுபடி கொண்டுவந்தது. அம்பேத்கர் வாழ்க்கையை துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் கோண்டு ஓவிய முறையில் வரைந்த 'பீமாயணா'வும் இருக்கிறது. அதில் கட்டம் கட்டமாகப் பக்கத்தைப் பிரிக்கவே மாட்டார்கள், கோடு தன் போக்கில் வளைந்து போகும். வாங்காவிட்டாலும் வந்து புரட்டிப் பாருங்கள். இரண்டும் ஆங்கிலத்தில்தான். புரியாத இடத்தை நாங்கள் சொல்லித் தருகிறோம்.

அரூர், ஊத்தங்கரை, ஓசூர் நண்பர்களுக்குத் தபால் செலவு பற்றி ஒரு வார்த்தை. மலிவாக இருந்த பதிவுப் புத்தக அஞ்சல் 2024 டிசம்பரில் நின்றுபோனது. 2025 மே முதல் புத்தகங்களுக்கான கியான் போஸ்ட் என்ற அஞ்சல் சேவை வந்திருக்கிறது: 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை போனால் 100 ரூபாய், வரி தனி. மாத இதழ் போலத் தவணையில் வருவதும் விளம்பரம் உள்ளதும் அதில் சேராது. ஆகவே புத்தகங்களை அதிலும், இதழ்களை ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்புகிறோம்.

பணம் திரும்பப் பெற வேண்டிய ஒன்பது பேரும் ரசீது தொலைந்திருந்தாலும் பரவாயில்லை, நோட்டில் பெயர் இருக்கிறது. ஞாயிறு தவிர எந்த நாளும் காலை பத்து முதல் இரவு எட்டு வரை வரலாம். வர முடியாதவர்கள் தொலைபேசியில் சொன்னால் வங்கிக் கணக்குக்கே அனுப்பிவிடுகிறோம். பென்னாகரத்துத் தம்பியின் இரண்டாவது புத்தகம் அடுத்த வாரம் வருகிறது. பத்துப் பிரதிக்கும் பணம் கொடுத்தாயிற்று.

அன்புடன்,
உங்கள் கடையிலிருந்து