மண்டையில் ஏறும், நம்பு

அன்புள்ள மகளுக்கு,

புது வேலையில் புள்ளியியல் படிக்கச் சொல்கிறார்கள், "கல்லூரியோடு படிப்பை மூட்டை கட்டிவிட்டேன் அப்பா, இனி மண்டையில் ஏறாது" என்று எழுதியிருந்தாய். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்ற பழமொழியை வேறு துணைக்கு இழுத்திருக்கிறாய். உனக்கு இன்னும் முப்பதுகூட முடியவில்லை. அதோடு, படிப்பு விஷயத்தில் அந்தப் பழமொழியை நான் எப்போதும் ஏற்றுக்கொண்டதில்லை.

வாசிக்கும்போது புரிகிறது, மறுநாள் ஒன்றும் நினைவில்லை என்கிறாய். இதில் உன் மூளைமேல் குறை இல்லையம்மா, படிக்கும் விதத்தை மாற்றிப் பார். ரோடிகர், கார்பிக்கே என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரே பாடத்தைச் சில மாணவர்கள் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். மற்றவர்கள் வாசித்தபின் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் எழுதிப் பார்த்தவர்கள் மிகவும் முன்னே இருந்தார்கள். கண்ணுக்குப் பழகிப்போனதைத் தெரிந்துவிட்டது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

அதனால் திட்ட விலக்கம், அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறி நிற்கின்றன என்ற அளவு, பற்றிய பக்கத்தை வாசித்ததும் புத்தகத்தை மூடிவிடு. வெள்ளைத் தாளில் 2, 4, 9 என்று எழுது. சராசரி 5. ஒவ்வொன்றும் அதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது? மைனஸ் 3, மைனஸ் 1, பிளஸ் 4. சரி, இதை ஏன் வர்க்கப்படுத்துகிறோம்? சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர் பேனா இங்கேதான் நிற்கும். மூன்றையும் கூட்டிப் பார், பூஜ்யம் வரும். எந்த எண்களை எடுத்தாலும் பூஜ்யம்தான். சிதறல் எவ்வளவு என்பதே அதில் தெரியாமல் போகிறது. வர்க்கப்படுத்தினால் 9, 1, 16, ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாது. இது உனக்கே பிடிபட்டுவிட்டால் அப்புறம் சூத்திரம் மறந்தாலும் நீயே எழுதிவிடுவாய். பேனா நிற்கிற இடத்தை மட்டும் புத்தகத்தில் திறந்து பார். முழுப் பக்கத்தையும் மறுபடி வாசிக்காதே.

இடைவெளி விட்டுப் படி. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து தன்னையே சோதித்து, முதல் நாளிலேயே பெரும்பகுதி மறந்துபோகிறது என்று 1885இலேயே எழுதிவிட்டார். ஒரே மூச்சில் படிப்பதைவிடப் பல நாட்களாகப் பிரித்துப் படித்தால் குறைந்த உழைப்பு போதும் என்றும் கண்டார். மறுநாள் ஒருமுறை, சில நாள் விட்டு ஒருமுறை அதே தாளை எழுதிப் பார்.

பட்டம் வீண் என்று நான் சொல்லவில்லை. நீ வாங்கிய பட்டம் எனக்குப் பெருமைதான், இந்த வேலையும் அதனால்தான் கிடைத்தது. ஆனால் மைக்கேல் பாரடேயை நினைத்துப் பார். பள்ளிப் படிப்பு அதிகமில்லாமல், புத்தகம் பைண்டு செய்யும் தொழில் பழகிய பையன். 1812இல் வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டு, குறிப்புகளைப் படத்தோடு விரித்து எழுதி, தன் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கே அனுப்பினார். மறுவருடம் அவரிடமே உதவியாளர். 1831இல் மின்காந்தத் தூண்டலை, அதாவது காந்தப்புலம் மாறினால் கம்பிச் சுற்றில் மின்சாரம் பிறக்கும் என்பதை, கண்டுபிடித்தார். இன்றைய ஜெனரேட்டரும் டிரான்ஸ்ஃபார்மரும் அதை நம்பித்தான் ஓடுகின்றன. காதில் விழுந்ததைத் தன் கையால் முழுசாக எழுதிப் பார்க்கும் பொறுமை அவருக்கு இருந்தது. அது உனக்கும் உண்டு, நான் பார்த்திருக்கிறேன்.

வர்க்கங்களைக் கூட்டியபின் சில சமயம் எண்ணிக்கையால் வகுக்காமல், அதில் ஒன்று குறைத்து வகுக்கிறார்களாமே, அது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. நீ படித்து, எனக்குப் புரிகிற மாதிரி ஒரு பக்கம் எழுதி அனுப்பு. புரியாத வரிகளுக்குக் கீழே கோடு போட்டுத் திருப்பி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அப்பா