மைப்படித் தாளும் பதிவுத் தாளும்

அன்புள்ள சிதம்பரம்,

உன் கடிதம் கிடைத்தது. பொன்னமராவதியில் வரலாற்றுக் கழகம் தொடங்கிவிட்டீர்கள் என்று படித்ததும் மனது நிறைந்துவிட்டது. வருகிற உலக மரபு வாரத்துக்குப் பொதுமக்களை அழைத்து என்ன செய்யலாம், எதில் கவனமாக இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். கிருஷ்ணகிரிப் பக்கம் நாங்களும் அதே வாரத்துக்குத்தான் தயாராகிக்கொண்டிருக்கிறோம். விவரமாகவே எழுதுகிறேன், உன் செயற்குழுவிலும் படித்துக் காட்டு.

முதலில் நாட்கள். நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம். ஏப்ரல் 18 உலக மரபு நாள். மே 18 உலக அருங்காட்சியக நாள். 1977 முதல் கொண்டாடப்படுகிறது. இந்த மூன்றையும் அப்படியே எடுத்துக்கொண்டால் நம் ஊர்ப் பருவம் இடிக்கும். நவம்பர் வடகிழக்குப் பருவமழைக் காலம். புல் இடுப்பளவு வளர்ந்து பெருங்கற்கால ஈமச்சின்னங்களான கல்வட்டமும் கல்திட்டையும் கண்ணுக்கே தெரியாது, பாறையில் கால் வழுக்கும், புதரில் பாம்பு இருக்கும். மே 18 கத்திரி வெயிலுக்கு நடுவில் வருகிறது, பள்ளியும் விடுமுறை. அதனால் நவம்பரில் கூரைக்குக் கீழே நடக்கும் நிகழ்ச்சிகளை மட்டும் வை. மே மாதம் என்றால் மாலை 5 மணிக்குமேல் அருங்காட்சியகத்துக்கு உள்ளேயே வை. களப்பயணத்தைத் தை, மாசிக்குத் தள்ளு. அறுவடை முடிந்து புல் காய்ந்திருக்கும், கண்மாய்க் கரையில் நடக்கலாம், காலை வெயில் சாய்ந்து விழுவதால் கல்லில் உள்ள எழுத்தும் நன்றாகத் தெரியும். அழைப்பிதழில் 'உலக மரபு வாரம்' என்ற பெயர் இல்லாவிட்டால் என்ன? வருகிறவர்கள் கல்லைப் பார்க்க முடிகிறதா என்பதுதான் கணக்கு.

இந்த ஆண்டு பேச ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது. மராத்தியரின் 12 கோட்டைகளை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்த்தபோது நம் செஞ்சியும் அதில் இடம்பெற்றது. மாமல்லபுரம் 1984, தஞ்சைப் பெரிய கோயில் 1987, கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும் 2004, நீலகிரி மலை ரயில் 2005 என்ற வரிசையில் செஞ்சியையும் சேர்த்து ஒரே பதாகையில் எழுதி வாசலில் வைத்துவிடு. அதற்குமேல் உரை வேண்டாம். உரையைப் பற்றி ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை, வாழ்த்துரை, நன்றியுரை, நடுவில் ஆளுக்கொரு சால்வை என்று இரண்டரை மணி நேரம் போனால், பழம்பொருளோடு வந்த கிழவி மதியச் சோற்றுக்கு எழுந்து போய்விடுவாள். அவள் முடிச்சில் இருந்த காசு எந்த ஊர்க் காசு என்று யாருக்கும் தெரியாமலே போகும். மேடை அரை மணி, பழம்பொருளைப் பார்த்துப் பதியும் மேசை மூன்று மணி என்று வைத்துக்கொள். நிகழ்ச்சி முடியும்போது கழகத்தின் கையில் பதிவு மிஞ்ச வேண்டும், பார்த்தவர்கள் கையில் ஒரு வேலை பழகியிருக்க வேண்டும்.

வேலை என்று பார்த்தால் மைப்படி, அதாவது கல்வெட்டின்மேல் ஈரத் தாளை ஒட்டி மை ஒற்றி எடுக்கும் படி, எடுத்துக் காட்டுவதற்கு இணையாகக் கூட்டத்தைக் கட்டிப்போடுவது வேறில்லை. ஆனால் பொதுமக்கள் கையில் அசல் கல்வெட்டைக் கொடுக்காதே. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடமென்றால் துறையின் அனுமதி இல்லாமல் படியெடுக்கக் கூடாது. அறநிலையத் துறைக் கோயிலென்றால் செயல் அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி கிடைத்தாலும் பழகாத முப்பது பேர் ஒரே கல்லில் கை வைத்தால் மை கசிந்து கறை பிடிக்கும், தேய்த்துத் தேய்த்து எழுத்தின் விளிம்பு மழுங்கும். எனவே பயிற்சிக் கல் ஒன்று செய்துகொள். இரண்டடிக்கு ஒன்றரையடிக் கருங்கல் பலகை. சிற்பியிடம் கொடுத்து 'ஸ்வஸ்திஸ்ரீ திருமகள் போல' என்று ராஜராஜன் மெய்க்கீர்த்தியின் (கல்வெட்டின் முகப்பில் வரும் அரசன் புகழுரை) தொடக்கத்தைச் சோழர் கால எழுத்து வடிவில் மூன்று மில்லிமீட்டர் ஆழத்தில் வெட்டச் சொல். மெருகேற்ற வேண்டாம், கொத்திய முகமாகவே இருக்கட்டும். வழவழப்பான கல்லில் தாள் பிடிக்காமல் வழுக்கும். தரையில் கிடத்தாமல் சுவரில் சாய்த்து நிறுத்து. கோயில் சுவரில் வேலை செய்வது எப்படி இருக்கும் என்பது அப்போதுதான் புரியும்.

முறை உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் சொல்லிக்கொடுக்கிற பையன்களுக்காக எழுதுகிறேன். தென்னை நார் அல்லது நைலான் பிரஷ்ஷால் தண்ணீர் விட்டுக் கல்லைக் கழுவு. கம்பி பிரஷ், ஆசிட், சோப்புத்தூள் மூன்றையும் அந்தப் பக்கமே கொண்டுவராதே. தாள் கையால் செய்த கனமான தாளாக, பசை அதிகம் ஏறாததாக இருக்க வேண்டும். சாதாரண சார்ட் தாள் நனைந்ததும் கிழியும், காய்ந்ததும் சுருளும். தாளை நனைத்துக் கல்லின்மேல் விரித்து நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தடவிக் காற்றை வெளியேற்று. அடுத்து அடர்ந்த மயிர் பிரஷ்ஷால் நேராகத் தட்டு. சாய்த்துத் தட்டினால் தாள் நகரும், எழுத்து இரட்டையாகிவிடும். தாள் எழுத்துப் பள்ளத்துக்குள் இறங்கி உட்காரும்வரை தட்ட வேண்டும். கிழிந்த இடத்தில் உடனே ஒரு ஈரத் துண்டுத் தாளை ஒட்டித் தட்டிவிடு. இல்லையென்றால் மை அந்த ஓட்டை வழியாகக் கல்லில் ஏறும்.

மை வைக்கும் பதம்தான் எல்லாம். விளக்குக்கரியும் வேலம்பிசினும் சேர்ந்த மையை ஒரு தட்டில் மெல்லப் பரப்பி, பஞ்சைத் துணியில் இறுக்கிக் கட்டிய பந்தால் தொட்டு, பழைய செய்தித்தாளில் இரண்டு முறை ஒற்றி மிகுதியை எடுத்துவிட்டுத்தான் கல்லுக்குப் போக வேண்டும். புறங்கையைத் தாளின்மேல் வைத்துப் பார். சில்லென்று இருக்க வேண்டும், ஈரம் ஒட்டக் கூடாது. இன்னும் ஈரம் இருக்கும்போது ஒற்றினால் மை பள்ளத்துக்குள் ஊறி எழுத்தே மறைந்துவிடும். முழுக்கக் காய்ந்துவிட்டால் தாள் கல்லை விட்டுக் கிளம்பி, தொட்ட இடமெல்லாம் நகரும். வெயில் நேராக விழுந்தால் மேல்பாதி காய்ந்து கீழ்பாதி நனைந்தே இருக்கும், அதனால்தான் நிழலில் வைத்து வேலை செய்ய வேண்டும். ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. பந்து மேடான பரப்பை மட்டும் தொடும், எழுத்து வெள்ளையாக நிற்கும். மை தாளின் வெளிமுகத்தில் ஏறுவதால் எழுத்து நேராகவே படிக்க வரும். அச்சு போலத் தலைகீழாகத் திரும்பும் என்று நினைத்து வருகிற பிள்ளைகள் இதைப் பார்த்ததும் வாயைப் பிளப்பார்கள். நவம்பர் ஈரக்காற்றில் தாள் காய நேரம் பிடிக்கும் என்பதால் காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று இரண்டு படிக்கு மேல் திட்டமிடாதே. உரித்ததும் பின்பக்கம் பென்சிலால் ஊர், இடம், எந்தச் சுவர், எத்தனையாவது வரி, தேதி எல்லாம் எழுதிவிட வேண்டும். பயிற்சிப் படி என்றாலும் எழுதட்டும். விவரம் எழுதாத படி பிற்காலத்தில் யாருக்கும் பயன்படாது.

படியெடுக்க அனுமதி இல்லாத கல்வெட்டைப் படிக்க வேறு வழியும் காட்டிக்கொடு. சுண்ணாம்பு, சாக்பீஸ், கோலமாவு எதையும் எழுத்தில் பூச வேண்டாம். சாயங்காலம் இருட்டியபின் டார்ச்சைக் கல்லோடு ஒட்டினாற்போலப் பக்கவாட்டில் பிடித்தால் எழுத்துப் பள்ளத்தில் நிழல் விழும். இடப்பக்கத்திலிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று என்று விளக்கை மாற்றி மாற்றிப் படம் எடுத்தால், ஒரு படத்தில் தெரியாத எழுத்தின் கால் மற்றொன்றில் தெரியும். பாறை ஓவியத்தின்மேல் தண்ணீர் தெளித்துப் படம் எடுக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாறையிலுள்ள உப்பு கரைந்து மேலே வந்து வெண்படலமாகப் படிந்து ஓவியத்தை மூடிவிடும் என்று பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்லிவிடு.

இனி, வீட்டுப் பழம்பொருளை அடையாளம் காணும் நாள். உன் பக்கத்தில் இதுதான் நன்றாகப் போகும் என்று நினைக்கிறேன். புதுக்கோட்டைச் சமஸ்தானம் இருந்த சீமை. அம்மன் காசு இல்லாத பழைய வீடு அங்கே குறைவு. ஒரு பக்கம் அமர்ந்த அம்மன், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்ற எழுத்து. நவராத்திரிக்கு அரிசியோடு சேர்த்துக் கொடுத்த அந்தச் சின்னச் செப்புக்காசைப் பாட்டிமார் இன்றும் உண்டியலில் வைத்திருப்பார்கள். ராஜராஜன் பெயர் பொறித்த காசும் வரும்: ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், அதன் அருகில் நாகரியில் பெயர். அழைப்பிலேயே பெரிய எழுத்தில் போடு: காசைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எலுமிச்சையில் ஊறவைக்காதீர்கள். புளியும் எலுமிச்சையும் பச்சைப் படலத்தோடு எழுத்தின் விளிம்பையும் சேர்த்துத் தின்றுவிடும். பளபளக்கும் காசில் படிக்க ஒன்றும் இருக்காது. பழைய பத்திரத்தை லேமினேட் செய்யாதீர்கள் என்பதையும் சேர்த்துப் போடு. அந்தச் சூடும் பசையும் தாளோடு ஒன்றிவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது.

மேசையில் வேண்டியவை: 0.01 கிராம் காட்டும் நகைத் தராசு, வெர்னியர் காலிப்பர், பத்து மடங்கு உருப்பெருக்கும் லென்ஸ், சாம்பல் நிறத் துணி, சென்டிமீட்டர் அளவுகோல், ஜன்னல் ஓர வெளிச்சம். ஒரு பொருளுக்கு ஒரு பதிவுத் தாள், இரண்டு படிகள், ஒன்று உரியவருக்கு. எண், பொருள், உலோகம், எடை, விட்டம், இரு பக்கப் படம், எங்கே கிடைத்தது, யார் வழியாக வந்தது, படம் வெளியிடச் சம்மதமா என்று கேட்டு எழுத வேண்டும். 'எங்கே கிடைத்தது' என்ற கட்டத்தில் ஊர்ப்பெயரோடு நிறுத்தாமல், எந்தக் காடு, எந்தக் கண்மாய்க் கரை, வீட்டு அஸ்திவாரமா, கிணறு வெட்டியபோதா என்று துருவிக் கேள். ஒரே திடலிலிருந்து பெருங்கற்கால மக்கள் புழங்கிய கருப்பு-சிவப்புப் பானை ஓடு மூன்று வீட்டுக்காரர்கள் கொண்டுவந்தால், அந்தத் திடலைப் போய்ப் பார்த்தே ஆக வேண்டும்.

எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி 'இது எவ்வளவு போகும்' என்பதாகத்தான் இருக்கும். விலை சொல்லாதே. சொன்ன நிமிடத்தில் அது சந்தையாகிவிடும். இப்படிப்பட்ட கூட்டங்களுக்கு வாங்கி விற்கிற தரகர்களும் வருவார்கள். யார் வீட்டில் என்ன இருக்கிறது என்று காதைத் தீட்டி உட்கார்ந்திருப்பார்கள். அதனால் பெயரையும் ஊரையும் மைக்கில் கூப்பிடாமல் எண்ணைக் கூப்பிடு. பதிவுத் தாள்கள் ஒருவர் கையில் மட்டும் இருக்கட்டும். எந்தப் பொருளையும் இரவு கழகத்தில் வைத்துக்கொள்ளாதே, 'நாளைக்குப் பார்த்துச் சொல்கிறோம்' என்பதற்காகக்கூட வேண்டாம்.

சட்டம் தெரிந்த ஒருவர் மேசையில் இருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த சிற்பமும் ஓவியமும் தொல்பொருள். அறிவியல், வரலாறு, இலக்கிய மதிப்புள்ள சுவடிக்கு எழுபத்தைந்து ஆண்டு. மண்ணுக்குள்ளிருந்து எடுத்தது என்றால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் பேசும். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பென்றாலே மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இதைக் கேட்டால் மக்கள் பயந்து பொருளை மறைத்துவிடுவார்கள். மிரட்டுகிற தொனியில் சொல்லாமல், மனு எழுதிக்கொடுத்து வட்டாட்சியர் அலுவலகம் வரை கூடப் போக ஓர் ஆளை ஏற்பாடு செய். செப்புத் திருமேனி எதுவும் வந்தால் கையில் வாங்காதே. கொண்டுவந்தவர் கையிலேயே இருக்கட்டும். கோயில் சொத்தாக இருக்கலாம் என்று தோன்றினால் அன்றே சிலைத் திருட்டுத் தடுப்புப் பிரிவுக்குத் தகவல் போக வேண்டும்.

ஓலைச்சுவடி வந்தால் கட்டை அவிழ்க்கும் முன்பே படம் எடுத்துக்கொள். ஒட்டிப்போன ஏடுகளைக் கத்தியால் நெம்பக் கூடாது. அப்படியே தஞ்சை சரசுவதி மகாலுக்கோ சென்னையில் உள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கோ எடுத்துப்போகச் சொல். பிரியும் ஏடுகளில் மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டி, எலுமிச்சம்புல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டு மெல்லத் தடவலாம். எழுத்து மங்கியிருந்தால் விளக்குக்கரி பூசித் துடைக்கலாம். வண்ணம் தீட்டிய ஏட்டில் எண்ணெயும் கரியும் படவே கூடாது.

களப்பயணத்துக்கு ஒரு வழிகாட்டிக்கு இருபத்தைந்து பேர் போதும். எங்கள் பக்கம் தை மாதம் மல்லச்சந்திரம் கல்திட்டைகளுக்குப் போவதாக இருக்கிறோம். பலகைக்கல்லில் உள்ள வட்டமான இடுதுளைக்குள் தலையை விடாதே, மேல்மூடிக் கல்லில் ஏறி உட்காராதே என்று கிளம்புமுன்னே சொல்லிவிட வேண்டும். முட்டுக்கொடுத்து நிற்கிற கல் எப்போது நழுவும் என்று சொல்ல முடியாது. பாறைக் குகைப் பக்கம் மலைத்தேனீ இருந்தால் சென்ட், புகை, கூச்சல் மூன்றும் கூடாது. காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்குள் முடித்துவிடு. பெண்களும் பிள்ளைகளும் வருவதால் கழிப்பறை எங்கே என்று முன்னாலேயே போய்ப் பார்த்து வை; அதை மறந்தால் அடுத்த முறை பெண்கள் வரமாட்டார்கள். ஊராட்சித் தலைவருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் முதல்நாளே சொல்லிவிடு. இல்லையென்றால் புதையல் தோண்ட வந்த கூட்டம் என்று ஊரே திரண்டுவிடும்.

உன் ஊரில் எந்தப் பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் இயங்குகிறது என்று விசாரி. பதிவுத் தாள் எழுத எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் போல நிதானமான ஆட்கள் கிடைக்க மாட்டார்கள்.

பயிற்சிக் கல்லை வெட்டக் கொடுக்கும் முன் எழுத்து வடிவத்தை டிரேசிங் தாளில் எழுதி எனக்கு அனுப்பு, பார்த்துத் திருத்தித் தருகிறேன். சிற்பியிடம் போனபின் திருத்த முடியாது. அனுப்பும்போது தாளை மடிக்காமல் குழாயில் சுருட்டி அனுப்பு. எந்த மண்டபம், எந்தத் தேதி என்பதையும் எழுது. ஞாயிறாக இருந்தால் தராசும் லென்ஸும் எடுத்துக்கொண்டு நானே வந்து ஒரு மேசையில் உட்காருகிறேன்.

அன்புடன்,
கோவிந்தன்